சென்னையில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது? புவனகிரி, சிதம்பரம் பக்கத்திலிருந்து குடிபோகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை பக்கத்திலிருந்து சென்னைக்குக் குடிபோகிறவர்கள் பலரும் யோசிக்காமல் தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என்றே வீடு தேடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "ஊருக்கு வர்றதுக்கு சௌரியம்" என்பார்கள். ஊருக்கு எத்தனை முறை வருவோம்? பொங்கல், தீபாவளி, ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா, நடுவில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ. வேலைக்குப் போவது வருஷத்தில் முந்நூறு நாள். அதனால் இந்தக் குறிப்புகளில் முதலிடம் வேலைக்குப் போகிற வழிக்கு, அடுத்த இடம் தண்ணீருக்கு. ஊருக்கு வரும் வழி அப்புறம்தான். வாடகைக்குப் போகும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. சொந்தமாக வாங்க நினைப்பவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் உண்டு.

1. "சென்னையில் வேலை கிடைத்துவிட்டது" என்றதும் கேட்க வேண்டிய கேள்வி, "சென்னையில் எங்கே?" என்பதுதான். சென்னை மாநகராட்சி மட்டுமே 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதற்கு வெளியே ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சிகள் ஆகிவிட்டன. திருவொற்றியூரில் இருப்பவரும் கூடுவாஞ்சேரியில் இருப்பவரும் தங்களைச் சென்னைவாசி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள அரை நாள் ஒதுக்க வேண்டும்.

வேலை இடத்தை வைத்துத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். கிண்டி, தி.நகர், எழும்பூர், பாரிமுனை என்றால் தெற்கு ரயில் பாதைதான் ராஜபாட்டை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் எல்லாம் பொருந்தும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. அந்தப் பாதையை ஒட்டித்தான் தென்புறநகரே வளர்ந்தது. தரமணியிலிருந்து சிறுசேரி வரை நீளும் ஓ.எம்.ஆர். என்றால் மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலை என்றால் படப்பை, குன்றத்தூர், பூந்தமல்லி. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மேற்கு ரயில் பாதை, அதாவது கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர். மணலி, எண்ணூர் பக்கம் வேலை கிடைத்தவர் தாம்பரத்தில் வீடு பார்ப்பது தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்வது. திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம் பாருங்கள். 2021 முதல் மெட்ரோவும் அங்கே போகிறது.

2. கணவன், மனைவி இருவருக்கும் வேலை, அதுவும் ஆளுக்கொரு திசையில் என்றால் நடுவில் வீடு பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் பார்த்தால் இருவருக்குமே தொல்லை. இரு சக்கர வாகனம் ஓட்டத் தெரியாதவர் யாரோ, இரவு திரும்புகிறவர் யாரோ, கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறவர் யாரோ, அவருடைய வேலை இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். மற்றவர் ரயிலில் உட்கார்ந்து போய்க்கொள்ளட்டும்.

3. தொழிற்சாலை வேலையாக இருந்தால் வீட்டுத் தரகரைப் பார்க்கும் முன்பு கம்பெனி பஸ் ஓட்டுநரைப் பாருங்கள். எந்த வழி, எந்த நிறுத்தம், முதல் ஷிஃப்டுக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடிகாலை ஷிஃப்டுக்கு நாலரைக்கே வண்டி வரும் நிறுத்தங்கள் உண்டு. அந்த நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு அமைந்தால், வாடகையில் ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

4. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடு பார்க்கப் போனால் சென்னை சொர்க்கம் மாதிரி இருக்கும். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் காற்று வாங்கலாம், மேடவாக்கம் கூட்டு ரோட்டைச் சட்டென்று தாண்டிவிடலாம். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அதே இடத்துக்குப் போய் நில்லுங்கள். வீடு பிடித்துப்போனாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு வேலை நாளில் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பியும் வாருங்கள். பஸ்ஸில் போகப் போகிறவர் பஸ்ஸிலேதான் போய்ப் பார்க்க வேண்டும். மைத்துனர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனது கணக்கில் சேராது.

5. "ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான்" என்று தரகர் சொன்னால் உடனே கணக்குப் போடுங்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஒரு தடவை 20 ரூபாய் என்று வைத்தால், போகவர 40. மாதத்தில் 25 நாளுக்கு 1,000. இரண்டு பேருக்கு 2,000. ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் அந்த 2,000 ரூபாயை வாடகையிலேயே கூடக் கொடுத்துவிட்டால், மழையில் ஆட்டோவுக்கு நிற்கிற வேலை மிச்சம்.

6. ரயில் பாதையின் எந்தப் பக்கம் வீடு என்பதைக் கவனியுங்கள். கிழக்குத் தாம்பரம் வேறு, மேற்குத் தாம்பரம் வேறு. பிள்ளையின் பள்ளி ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் இருந்தால் தினமும் மேம்பாலமோ, சுரங்கப்பாதையோ, ரயில்வே கேட்டோ குறுக்கே வரும். கேட் மூடினால் பத்து நிமிஷம் போச்சு. நல்ல மழை பெய்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். நகருக்குள்ளேயே தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் மழைக்காலச் செய்திகளில் தவறாமல் வருகிறவை. பள்ளி, மருந்துக்கடை, காய்கறிக்கடை மூன்றும் வீடு இருக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

7. இனி வெள்ளம். இதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெள்ளாற்றங்கரையில் வளர்ந்தவர்கள் நாம். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்த மழையையும் பார்த்தவர்கள். எந்தத் தெரு பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று ஊரில் பார்த்தவுடன் சொல்லிவிடுவோம். சென்னைக்குப் போனதும் டைல்ஸும் மாடுலர் கிச்சனும் கண்ணைக் கட்டிவிடுகின்றன. ஊரில் வைத்திருந்த அதே கண்ணோடு பாருங்கள்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கி அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை வரை வீடுகளுக்குள் ஆறு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமும் முடிச்சூர் பக்கமும் மறுபடி மாட்டிக்கொண்டன. பள்ளிக்கரணையில் இருப்பது சதுப்பு நிலம். தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். போகிற வழியில் கட்டடம் எழும்பிவிட்டதால் அது தேங்குகிறது. 2022-ல் இந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, நல்ல விஷயம். ஆனாலும் தண்ணீருக்கு வேண்டிய இடம் திரும்பக் கிடைத்துவிடவில்லை.

இதற்காக அந்தப் பகுதிகளை மொத்தமாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரே நகரில் நாலாவது தெருவில் கணுக்கால் அளவும் ஏழாவது தெருவில் இடுப்பளவும் நின்றிருக்கும். தெருத் தெருவாகத்தான் பார்க்க வேண்டும்.

8. வெள்ளத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டால், "இங்கெல்லாம் தண்ணியே வராதுங்க" என்றுதான் பதில் வரும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், பால் போடுகிறவரிடம் கேளுங்கள். கேட்கிற விதமும் முக்கியம். "தண்ணி வருமாண்ணே?" என்றால், "அதெல்லாம் இல்லை" என்று முடித்துக்கொள்வார். "அண்ணே, 2015-ல இந்தத் தெருவுல எவ்வளவு நின்னுச்சு?" என்றால் கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார்.

யாரும் இல்லையென்றால் சுவரே சொல்லும். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் மங்கலான கறை, முதலில் ஒரு உயரத்தில் இருந்து பிறகு மேலே ஏற்றப்பட்ட மீட்டர் பெட்டியின் அடையாளம், தண்ணீர் மோட்டாருக்குப் போட்டிருக்கும் உயரமான மேடை, வாசற்படிக்கு மேல் புதிதாகக் கட்டிய ஒரு வரிசைச் செங்கல், அலமாரிக் கதவின் அடிப்பகுதியில் மட்டும் உப்பிப்போன பிளைவுட். இவற்றில் இரண்டு கண்ணில் பட்டாலே போதும். தெருவுக்கு மறுபடி மறுபடி தார் போட்டு ரோடு உயர்ந்து, வீடு ரோட்டைவிடத் தாழ்ந்துகிடக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் தரைத்தளத்தை விட்டு முதல் மாடி கேளுங்கள். வண்டி நிறுத்துமிடம் எங்கே என்பதையும் கேட்டுவிடுங்கள். நாம் மாடியில் தப்பித்தாலும் ஸ்கூட்டர் தப்பிக்காது.

9. குடிதண்ணீர் விஷயத்துக்கு வருவோம். வீராணம் நம் பக்கத்து ஏரி. 2004-லிருந்து அந்தத் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கே சுத்திகரிக்கப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து போரூருக்குப் போகிறது. சென்னைக்கு நமக்கு முன்பே குடிபோனது நம் தண்ணீர்தான். ஆனால் வீராணமோ, புழல் ஏரியோ, செம்பரம்பாக்கமோ, மீஞ்சூர், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளோ, எதுவானாலும் தெருவில் மெட்ரோ வாட்டர் குழாய் இருந்தால்தான் வீட்டுக்கு வரும். தாம்பரம் பக்கம் பாலாற்றுத் தண்ணீர் தனியாக வருகிறது. பல புறநகர்களில் ஆழ்துளைக் கிணறும் லாரியும்தான் கதி.

எனவே "தண்ணி வசதி உண்டா?" என்று பொதுவாகக் கேட்காமல் நான்கு கேள்வி கேளுங்கள். குழாய் இணைப்பு இருக்கிறதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? போர் எத்தனை அடி? ஏப்ரல், மே மாதத்தில் லாரி வாங்குகிறீர்களா, அந்தச் செலவு யாருடையது? கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. அடுக்குமாடிக் குடியிருப்பில் லாரித் தண்ணீர்ச் செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்துவிடுவார்கள். வாடகை குறைவு என்று போனவர்கள் கோடையில் விழிப்பது இங்கேதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

10. வீடு பார்க்கப் போகும்போது பையில் ஒரு சின்னத் துண்டு துவைக்கிற சோப்பும் ஒரு காலி பாட்டிலும் எடுத்துப் போங்கள். குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லையென்றால் கடினநீர். துணி வெளுக்காது, பருப்பு வேக நேரம் பிடிக்கும், தலைமுடி கொட்டுகிறதென்று வீட்டுப் பெண்கள் புலம்புவார்கள். குளியலறைக் குழாயின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கிறதா, தரையில் மஞ்சள் கறை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை உப்பைக் காட்டும், மஞ்சள் இரும்பைக் காட்டும். பாட்டிலில் பிடித்த தண்ணீரை டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்க்கலாம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் குளிக்க மட்டும்தான். சமையலுக்கும் குடிக்கவும் கேன் தண்ணீர் வாங்கும் செலவை வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

11. "இங்க மெட்ரோ வரப்போகுது சார்" என்ற பேச்சுக்கு ஒரு ரூபாய்கூட வாடகை கூட்டிக் கொடுக்காதீர்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர், மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கும் மூன்று வழித்தடம். வந்தால் நகரமே மாறும், சந்தேகமில்லை. ஆனால் வாடகைக்குப் போகிறவர் 11 மாத ஒப்பந்தம் போடுகிறார். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007-ல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வரை மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டருக்கு 2008-ல் தொடங்கிய வேலை பதினைந்து வருஷம் தாண்டியும் இழுத்தது. வேலை நடக்கிற வரை பள்ளம் தோண்டிய ரோடும் தூசியும் நம் பங்கு. இன்றைக்கு எந்த பஸ் வருகிறதோ, எந்த ரயில் நிற்கிறதோ அதற்குத்தான் பணம்.

12. ஊருக்கு வரும் வழியில் ஒரு பெரிய மாற்றம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தெற்கே போகும் பெரும்பாலான அரசுப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. விழுப்புரம், பண்ருட்டி வழியாக வருகிறவர்களுக்குத் தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கத்தில் வீடு இருந்தால் சௌகரியம்தான். திருவொற்றியூரில் இருப்பவர் ஊருக்குக் கிளம்பினால், ஊர்ப் பேருந்தில் ஏறுவதற்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஈ.சி.ஆரில் புதுச்சேரி, கடலூர் வழியாக வரும் வண்டிகளுக்கு ஏறுமிடம் வேறு. பண்டிகைக் காலத்தில் அதையும் மாற்றுவார்கள். கிளம்பும் முன்பு விசாரித்துக்கொள்ளுங்கள்.

13. என் கட்சி ரயில்தான். சிதம்பரத்தில் பகலில் சோழன், இரவில் உழவன் என்று வண்டிகள் உண்டு. சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர். டவுன் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். தாம்பரத்தில் இறங்கினால் மின்சார ரயில் பிடித்துத் தெற்குப் பாதையில் எங்கும் போகலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. பொங்கலுக்கு எந்தத் தேதியில் பதிவு தொடங்கும் என்று நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டால், வீடு ஆவடியில் இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

14. ஒரே ஒரு விதிவிலக்கு. அப்பா, அம்மா ஊரில் தனியாக இருந்து, அவர்களுக்கு உடம்பும் சரியில்லை, புதுச்சேரி ஜிப்மருக்கு மாதாமாதம் அழைத்துப் போக வேண்டும் என்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். அப்போது ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியோ, ஈ.சி.ஆருக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் இடத்திலோதான் வீடு பார்க்க வேண்டும். நள்ளிரவில் போன் வந்தால் நகரைக் குறுக்கே கடக்காமல் கிளம்பிவிட வேண்டுமே.

15. மாமா வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது. முதல் ஆறு மாதம் பெரிய துணை: குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அத்தை ஓடிவருவார், கேஸ் தீர்ந்தால் மாற்று சிலிண்டர் கிடைக்கும். ஆனால் அதற்காகத் தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் நிற்க வேண்டியிருந்தால் வேண்டாம். சொந்தக்காரரை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்ளலாம், உறவும் கெடாது. நம் புவனகிரியில் பிறந்த ராகவேந்திரரே மந்திராலயத்தில் போய்த்தான் அமர்ந்தார், நாம் மேடவாக்கம் போனால் என்ன?

16. தனியாக வேலைக்குப் போகும் பெண்களும், முதலில் ஒருவர் மட்டும் போய்ப் பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ள நினைக்கிறவர்களும் நேரடியாக வீடு எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதம் விடுதியில் இருந்துவிட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. பிறகு வீடு பார்க்கும்போது இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை தெருவிளக்கு எரிகிறதா, திறந்திருக்கும் கடை இரண்டாவது இருக்கிறதா, ஷேர் ஆட்டோ எத்தனை மணி வரை ஓடுகிறது? பகலில் பார்த்தால் இது எதுவுமே தெரியாது.

17. பிள்ளைகள் இருந்தால் முதலில் பள்ளி, பிறகு வீடு. சேர்க்கை உறுதியான பிறகு முன்பணம் கொடுங்கள். அரசுப் பள்ளியிலிருந்து மாறுகிறவர்கள் மாற்றுச் சான்றிதழோடு பிள்ளையின் எமிஸ் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பழைய பள்ளி அதில் விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்க்க முடியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் பார்ப்பார்கள், ஒரு கிலோமீட்டருக்குள் என்பது கணக்கு. வாடகை ஒப்பந்தம் அந்த முகவரியில் கையில் இருக்க வேண்டும்.

18. பக்கத்தில் அரசு மருத்துவமனை எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தென்புறநகரில் குரோம்பேட்டை, கொஞ்சம் தள்ளி செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, கிண்டியில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஊர் பீரோவிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

19. முன்பணம் பத்து மாதம் என்பது சென்னையின் பழைய பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. "வேறுவிதமாக" என்ற அந்த இடைவெளியில்தான் வீட்டுக்காரர்கள் நுழைகிறார்கள். ஆகவே பேரம் பேசுங்கள். ஐந்தாறு மாதத்துக்காவது இறங்கிவருவார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். தரகருக்கு ஒரு மாத வாடகை என்றால் அவர் காட்டிய வீட்டுக்கு மட்டும்தான். நீங்களே "டூ லெட்" போர்டு பார்த்துப் பிடித்த வீட்டுக்கு எவரும் வந்து பங்கு கேட்க இடம் கொடுக்காதீர்கள்.

20. கரண்ட் பில்லுக்குத் தனி சர்வீஸா, சப் மீட்டரா? தனி சர்வீஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கே வரும். சப் மீட்டர் என்றால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று வசூலிப்பார். வீட்டில் ஏ.சி. போட்டால் இந்த வித்தியாசம் பெரிது.

21. குடிபோனபின் முகவரி மாற்றம். ரேஷன் கார்டை உடனே மாற்ற முடியாவிட்டாலும் மாநிலத்தில் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கேஸ் இணைப்பை ஊரில் அம்மா பயன்படுத்துகிறார் என்றால் அதை மாற்ற வேண்டாம், புதிதாக எடுங்கள்.

22. வீடு மாற ஏப்ரல், மே மாதம் நல்லது. பள்ளி விடுமுறை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தண்ணீர்ப் பஞ்சம் எங்கே என்பது அப்போதுதான் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளம் தெரிய வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பரில் பார்க்க வேண்டும். ஒரே தெருவை இரண்டு காலத்திலும் பார்க்கிற வாய்ப்பு வாடகைக்கு இருப்பவருக்குத்தான் உண்டு. அதனால் சொந்த வீடோ மனையோ வாங்க நினைத்தால், அந்தப் பகுதியிலேயே ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். ஊரில் காணி நிலத்தை விற்று வரும் பணம் அது, யாரையும் அவசரப்படுத்த விடாதீர்கள்.

23. வாங்கும்போது சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம், ரெரா பதிவு எண், பட்டா, குறைந்தது முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று நான்கையும் கேளுங்கள். அதோடு சர்வே எண்ணை வைத்து அந்த நிலம் பதிவேட்டில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது, பக்கத்து எண்கள் ஏரியா, வாய்க்காலா, மேய்க்காலா என்றும் பாருங்கள். நம் மனை சுத்தமாக இருந்து, பின்பக்கத்து எண் வாய்க்கால் புறம்போக்காக இருந்தால், மழையில் வாய்க்கால் தன் வழியைத் தேடிக்கொண்டு நம் வீட்டுக்குள்தான் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஊரில் வயல் வாங்கும்போது வரப்பையும் வாய்க்காலையும் நடந்து பார்த்துத்தானே வாங்குவோம்? மனைக்கும் அதே நடை நடங்கள், கூடவே உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

24. சாமான் ஏற்றும் வண்டியை அமர்த்தும் முன்பு புது வீட்டுத் தெருவின் அகலத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புறநகர்த் தெருக்கள் பலவற்றில் பெரிய லாரி திரும்பாது. முனையிலேயே நிறுத்திவிட்டு, பீரோவுக்கும் கட்டிலுக்கும் தனிக் கூலி கேட்பார்கள். சின்ன வண்டி இரண்டு நடை வந்தாலும் செலவு குறைவாகவே முடியும். ஊர் அரிசி மூட்டைகளையும் உரலையும் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். இறக்கும்போது அவைதான் முதலில் வர வேண்டும்.